அமலோற்பவம் சிஸ்டரின் விரல்குழிகள்

குதிரைப்பாறையின் மேற்குச் சுவர், வழுக்கன் என்று நாங்கள் பெயர் வைத்திருக்கும் அந்தக் கருங்கல் சுவர், ஓணான்கூட ஏறத் தயங்குகிற அந்தச் சுவர், அமலோற்பவம் சிஸ்டர் விரல் வைத்த இடத்தில் எல்லாம் பிசைந்த மாவு மாதிரி உள்வாங்கிக் குழிகுழியாகப் பதிந்துபோனது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அன்றைக்கு என்று பார்த்து நான் ஊரில் இல்லை. எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான் ஆரம்பித்தது. மழையோ வெயிலோ, ஞாயிறு தவறாமல், சிஸ்டர் பாறை ஏறும்போது கீழே நின்று அவர் விழாமல் கயிறு பிடிக்கிறவன் நான். மச்சான் மகள் நிக்காஹுக்கு மேலப்பாளையம் போன ஒரே ஒரு ஞாயிறு பார்த்துத்தானா பாறைக்கு இளக வேண்டும்?

என் பெயர் நத்தர்ஷா. பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். போலி பித்தளைக் குழாயும் போலி பிராண்டு பூட்டும் விற்கிற ஏஜெண்டுகளோடு காலம் தள்ளுகிறவன் என்பதால் எதையும் தட்டிப் பார்த்து, சுரண்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவேன். அவள் போடுகிற டீயையும் முகர்ந்து பார்த்துத்தான் குடிக்கிறேன் என்று என் வீட்டுக்காரி சொல்வாள். அது அபாண்டம், எப்போதாவதுதான்.

சிஸ்டர் என்றதும் கன்னியாஸ்திரீ என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் ஊர் அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸாக இருந்தவர். அந்த வார்டு ஜன்னலில் நின்றால் பாறை தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கல்யாணம்கூட ஆகாத வயதில், ஒரு நாள் டூட்டி முடித்து வெள்ளைச் சேலையோடும் வெறுங்காலோடும் நேரே நடந்து போய்ப் பாறையில் கை வைத்து ஏற ஆரம்பித்தார் என்றும், ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் ஐயோ ஐயோ என்று கத்தினார்கள் என்றும், உச்சிக்குப் போய் உட்கார்ந்து தூக்குவாளியில் மிச்சமிருந்த பழைய சோற்றைச் சாப்பிட்டுவிட்டு அந்தப் பக்கமாக இறங்கி வந்தார் என்றும் சொல்வார்கள். அதற்குப் பிறகு ஊரில் பாதிப் பேருக்குப் பாறைக் கிறுக்கு பிடித்தது. மற்ற ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள் என்றால் எங்கள் ஊரில் கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, சிஸ்டர் ஏறுவதைப் பார்க்க வேண்டும். அவசரமே இருக்காது, இழுபறி இருக்காது, கையைத் தூக்கி வைப்பதற்கு முன்னால் பாறையைத் தடவிக்கொடுத்துவிட்டுத்தான் வைப்பார், கஷ்டமான இடம் வந்தால் பிரசவ வலியில் கிடக்கிற பெண்ணிடம் பேசுகிற அதே குரலில் "அவ்வளவுதாம்மா, அவ்வளவுதான், மூச்சை விடு, பயப்படாதே" என்று பாறையிடம் பேசுவார், கீழே நிற்கிற எங்களுக்கு மூச்சு முட்டும், அவருக்கு முட்டாது. கோயம்புத்தூரிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் வருகிற பாறையேறிகள், உடம்பெல்லாம் முறுக்கேறிய பையன்கள், எழுபதைத் தொட்ட அந்த அம்மாள் ஏறுவதைப் பார்த்துவிட்டு தங்கள் விலையுயர்ந்த செருப்புகளைக் கழற்றி ஓரமாக வைப்பார்கள். அவர் ஏறாத சுவர் என்று குதிரைப்பாறையில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது. அது வழுக்கன். எத்தனையோ வருஷமாக முயற்சி செய்து, ஆள் உயரத்துக்கு மேல் போக முடியாமல் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

எங்கள் ஊர்ப் பாறையேறிகள் சங்கத்துக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. அதைச் சொல்லிக்கொடுத்ததும் சிஸ்டர்தான். பாறையில் உளி படக்கூடாது. பிடிமானம் இல்லையா, இல்லை என்று ஒப்புக்கொண்டு இறங்கி வா. செதுக்கிப் பிடிமானம் உண்டாக்கினால் நீ பாறையேறி இல்லை, கொத்தன். செதுக்கியவனுக்கு அபராதம் கிடையாது, அடி உதை கிடையாது. அவனுக்கு இனி யாரும் கயிறு பிடிக்க மாட்டார்கள், அவ்வளவுதான். கயிறு பிடிக்க ஆளில்லாத பாறையேறியின் நிலைமை எப்படி என்றால், உயிரோடு இருக்கலாம், பாறை பக்கம் போக முடியாது.

நான் மேலப்பாளையத்தில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த ஞாயிறு சிஸ்டருக்குக் கயிறு பிடித்தவன் பிச்சைமணி, எங்கள் சங்கத் தலைவர் ரெங்கமன்னாரின் மைத்துனன். சிஸ்டர் வழுக்கனில் ஏறினார், பாதிச் சுவர் வரை போனார், வெயில் ஏறிவிட்டது என்று இறங்கினார், பாறையடியில் ராக்காயி கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகுதான் ரெங்கமன்னார் சுவரைப் பார்த்தார். பாதிச் சுவர் வரைக்கும், ஏணி போட்ட மாதிரி, விரல்குழிகள். நாலு விரலுக்கு நாலு குழி, கட்டைவிரலுக்கு ஒரு பள்ளம், உள்ளே விரல் ரேகைகூடத் தெரிந்தது.

பிச்சைமணியைக் கேட்டால், "சிஸ்டர் கை வெச்சாங்க, உள்ள போச்சு, நான் என்னத்தக் கண்டேன்" என்றான். சிஸ்டரைக் கேட்டால், "அது பாட்டுக்கு உள்ள போச்சுப்பா. எனக்கும் வசதியாத்தான் இருந்துச்சு" என்றார். பாறை இளகியதில் எங்கள் ஊரில் யாருக்கும் பெரிய ஆச்சரியம் இல்லை. கோடையில் ரோட்டுத் தார் இளகவில்லையா, பாறைக்கு மட்டும் என்ன வந்தது என்றாள் ராக்காயி. ஆனால் அது தானாக இளகியதா, சிஸ்டர் உளி வைத்துக் குடைந்துவிட்டு இளகியது என்கிறாரா என்பதுதான் எங்களுக்குப் பிரச்சினை. ஏனென்றால் அதற்கு அடுத்த ஞாயிறு, எழுபதைத் தொட்டதற்காக, சங்கம் சார்பில் சிஸ்டருக்குப் பாராட்டு விழா. பொன்னாடை வாங்கியாகிவிட்டது. சிஸ்டர் சிரிக்கிற மாதிரி ஆளுயர ஃப்ளெக்ஸ் அடித்தாகிவிட்டது. செதுக்கியவருக்கா பொன்னாடை என்று ஒருத்தன் கேட்டான். அவ்வளவுதான், விழா நின்றது, விசாரணை ஆரம்பித்தது.

முதலில் என் கடைக்குத்தான் வந்தார்கள். சமீபத்தில் யார் உளி வாங்கினார்கள் என்று கேட்டார்கள். யாரும் வாங்கவில்லை என்றேன். அப்படியானால் வேறு ஊரில் வாங்கியிருக்கிறார்கள், திட்டம் போட்டுத்தான் செய்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டினார்கள். நானே அவர்களிடம் சொன்னேன், பழைய உளியாகக்கூட இருக்கலாம் என்று. என்னத்தைச் செய்ய, என் புத்தி அப்படி.

பிறகு ரெங்கமன்னார் ஒரு யோசனை சொன்னார். குழி யார் விரலுக்குப் பொருந்துகிறதோ அவர்தான் குற்றவாளி. எல்லாரும் பாறையடிக்குப் போனோம். சிஸ்டர் தன் விரலை வைத்தார், பொருந்தியது. "பாத்தீங்களா" என்று ரெங்கமன்னார் சொல்லிக்கொண்டே, எப்படிப் பொருந்துகிறது என்று காட்டுவதற்காகத் தன் தடித்த விரல்களை வைத்தார். அதுவும் பொருந்தியது, அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. அவர் முகத்தில் ஈயாடவில்லை. பிச்சைமணி வைத்தான், பொருந்தியது. சங்கத்து ஆள் ஒவ்வொருவராக வைத்தார்கள், பெரிய கைக்குப் பெரிதாக, சின்னக் கைக்குச் சின்னதாக, மோட்டாரில் விரல் நுனியை இழந்தவனுக்கு அந்த விரல் மட்டும் குட்டையாக, எல்லாருக்கும் பொருந்தியது. ஒருத்தரை ஒருத்தர் ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தார்கள். நீதான் செய்தாய், இல்லை நீதான் செய்தாய் என்று பேச்சு தடித்தது. மாமனும் மைத்துனனும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

டீ கொண்டுவந்த ராக்காயிதான் அதைத் தீர்த்துவைத்தாள். அவளும் சும்மா கையை வைத்துப் பார்த்தாள், பொருந்தியது. கலகலவென்று சிரித்துவிட்டாள். "அட கூறுகெட்டவங்களா, நீங்க எல்லாரும் யாரு கையில பொறந்தீக? நான் பொறந்தப்ப சிஸ்டர் விரலப் புடிச்சவ விடவே இல்லன்னு எங்க ஆத்தா இன்னும் சொல்லிக்கிட்டுக் கெடக்கு. அவுக வெரலப் புடிச்ச கைக்கெல்லாம் பொருந்துது, இதுல என்ன வழக்கு வேண்டிக் கெடக்கு?"

வாஸ்தவம். சங்கத்தில் இருக்கிற எல்லாரும் சிஸ்டர் வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்த வார்டில் பிறந்தவர்கள். என்னைத் தவிர. நான் பினாங்கில் பிறந்து, விவரம் தெரிந்த வயதில் கப்பலில் வந்து இறங்கியவன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கையை வைத்தேன். அடுத்தவர் செருப்பில் காலை நுழைத்த மாதிரி இருந்தது. ஒரு விரல் முட்டியது, ஒரு விரல் தொளதொளத்தது, கட்டைவிரல் எங்கேயோ போனது. பொருந்தவில்லை. இத்தனை வருஷம் கயிறு பிடித்தவன் கை மட்டும் அந்தச் சுவருக்கு அந்நியமாகப் போய்விட்டது என்று நினைத்து அழுகையே வந்துவிட்டது. இருமுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

விஷயம் வெளியே பரவியது. பாறையடியில் வரிசை நின்றது. மதுரையில் பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் பிறந்தேன் என்று பீற்றிக்கொண்டிருந்த ஜவுளிக்கடைக்காரர் மகளுக்குக் குழி கச்சிதமாகப் பொருந்த, அவள் அம்மா அங்கேயே மயக்கம் போட்டு விழுந்தாள். பங்காளித் தகராறில் ஒருத்தனை இவன் எங்கள் அப்பனுக்குப் பிறந்தவனே இல்லை, எங்கிருந்தோ தூக்கி வந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவனை இழுத்துவந்து கையை வைக்கச் சொன்னார்கள், பொருந்தியது, அவன் அண்ணன்களுக்கும் பொருந்தியது, எல்லாரும் ஏமாற்றத்தோடு வீட்டுக்குப் போனார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பாறைக்கு அழைத்துவந்து சோதித்தார்கள். யாரோ கற்பூரம் கொளுத்தினார்கள், யாரோ மெழுகுவத்தி வைத்தார்கள். ராக்காயி டீயோடு வடையும் போட ஆரம்பித்தாள். ஆனாலும் ஒருத்தர்கூடச் சந்தேகத்தை விடவில்லை. பொருந்துகிற மாதிரி குடைந்திருக்கலாம் இல்லையா என்றார்கள். எப்படி என்றால் நர்ஸம்மாவுக்கு ஆயிரம் மருந்து தெரியும் என்றார்கள்.

கடைசியில் பாறையேறுகிற சங்கங்களின் கூட்டமைப்பு ஒரு நடுவரை அனுப்பியது. பெங்களூர்க்காரர், பெயர் சுதர்சன், நாற்பதுக்குக் கொஞ்சம் கீழே வயது, சிரிக்கவே தெரியாத முகம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், தண்ணீர் ஊற்றிப் பார்த்தார், குழியைத் தட்டிக் காது வைத்துக் கேட்டார். உளி பட்ட தடம் இல்லை, ஆனால் அமிலமாக இருக்கலாம் என்றார். எனக்கு அந்த ஆளைப் பிடித்துப்போயிற்று. பிறகு கையை வைத்தார். பொருந்தியது.

ரெங்கமன்னார் துள்ளிக் குதித்தார். "பெங்களூர்க்காரருக்கும் பொருந்துது! அப்ப ராக்காயி சொன்னதெல்லாம் கப்சா!"

ராக்காயி அசையவில்லை. "தம்பி, ஆத்தாவுக்கு ஒரு போன் போடுங்க" என்றாள்.

சுதர்சன் வேண்டாவெறுப்பாக ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார். அந்தப் பக்கம் அவர் அம்மா, "பெங்களூர்ல நீ எங்கடா பொறந்தே? அப்பல்லாம் உன் தாத்தா ஸ்டேஷன் மாஸ்டர். தலைப்பிரசவம்னு என்னை அம்மா வீட்டுக்குத்தானே அனுப்பினாங்க. குதிரைப்பாறைன்னு ஒரு சின்ன ஸ்டேஷன். நீ பொறந்த கையோட தாத்தாவுக்கு மாத்தலாயிடுச்சு, அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போகல. ஒரு நர்ஸம்மா இருந்தாங்க. நகமெல்லாம் உடைஞ்சு, விரலெல்லாம் சிராய்ப்பு. இவங்க கையிலயா பிள்ளையக் குடுக்கறதுன்னு பயந்தேன். ஏன் கேக்கறே?" என்றார்.

அந்த நடுவர் கையைக் குழியிலிருந்து எடுக்காமலே நின்றுகொண்டிருந்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். சிஸ்டர் மீது குற்றமில்லை என்று அங்கேயே சொன்னார். ஆனால் ரெங்கமன்னார் விடுவாரா? நடுவர் சிஸ்டர் கையில் பிறந்தவர், வேண்டப்பட்டவர், அவர் தீர்ப்பு செல்லாது என்றார். அப்படிப் பார்த்தால் ஊரே வேண்டப்பட்ட ஆள்தான். ஒருத்தர் சாட்சியும் செல்லாது. குழி பொருந்தாத ஆள் ஒருத்தன்தான் இருக்கிறான், நத்தர் பாய், அவர் சொல்லட்டும் என்று எல்லார் விரலும் என் பக்கம் நீண்டது.

நான் யோசித்துச் சொன்னேன், "மிச்சச் சுவரை ஏறச் சொல்லுங்க. கயிறு நான் பிடிக்கிறேன். பிடிச்சுக்கிட்டே பாக்கிறேன். தப்பு இருந்தா கையும் களவுமா மாட்டட்டும்."

ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. தப்பு என்று நான் சொன்னால் குழிகளை எல்லாம் அடைத்துவிடுவது, சிஸ்டருக்கு இனி யாரும் கயிறு பிடிப்பதில்லை. அடைப்பதற்குச் சிமெண்டும் கல்மாவும் என் கடையிலிருந்தே போயிற்று. மூட்டைகள் பனியில் நனையாமல் இருக்க மேலே எதையாவது போட வேண்டுமே. சிஸ்டர் சிரிக்கிற அந்த ஃப்ளெக்ஸை எடுத்துப் போர்த்திவிட்டார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் சிஸ்டர் கடைக்கு வந்தார். குழாய் ஒழுகுகிறது என்று ஒரு வாஷர் கேட்டார். கொடுத்தேன். போகாமல் நின்றார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன்.

"நத்தரு, நீயும் சந்தேகப்படறியா?" என்றார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமா சிஸ்டர்" என்றேன்.

"நல்லது. சந்தேகப்படற ஆளுதான் கயிறை ஒழுங்காப் பிடிப்பான்" என்று சொல்லிவிட்டு வாஷரை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே பஜாரைப் பார்த்தார். பிறகு சொன்னார், "ஆஸ்பத்திரியில வேலை முடிஞ்சு அனுப்பினப்போ நான் அழலப்பா. வீட்டுக்காரர் போனப்போ அழுதேன், அப்புறம் தேறிட்டேன். ஆனா என் கையில பொறந்த பிள்ளைங்களே எனக்குக் கயிறு பிடிக்க மாட்டேன்னா, நான் எதைப் பிடிச்சுக்கிட்டு இருக்கறது? அந்தச் சுவரை முடிக்கணும் நத்தரு. செதுக்கி முடிச்சேன்னு பேரு வந்தா முடிக்காம இருக்கறதே மேல்."

நான் மறுநாளைக்கான கயிற்றை எடுத்து, இழை எங்கேயாவது பிரிந்திருக்கிறதா என்று முழம் முழமாகத் தடவிப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஞாயிறு காலை ஊரே பாறையடியில் நின்றது. சிஸ்டர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்கள், கழுவினார். வியர்வைக்காகப் பாறையேறிகள் கையில் பூசுகிற வெள்ளை மாவில் ஏதாவது கலந்திருக்கும் என்று அதைக் கொட்டிவிட்டுப் புது மாவு கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார். ராக்காயியை விட்டு இடுப்பைத் தடவிப் பார்க்கச் சொன்னார்கள். ராக்காயி, "நீங்க எல்லாம் வெளங்கமாட்டீக" என்று அழுதுகொண்டே தடவினாள், சிஸ்டர் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கி நின்றார். இடுப்பில் ஒரு ஜெபமாலையும் தைலப் பாட்டிலும் மட்டும் இருந்தன. அதையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

கயிறு, சுவரின் உச்சியில் நிற்கிற இச்சி மரத்தில் மாட்டிய வளையத்தின் வழியாக வந்து என் இடுப்பைச் சுற்றிக் கையில் முடியும். ஏறுகிறவர் ஏற ஏற நான் தொய்வை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். விழுந்தால் என் கைதான் நிறுத்த வேண்டும். அதிலும் ரெங்கமன்னார் கையை வைத்தார். "கயிறு இறுக்கமா இருந்தா பாய் இழுத்துத்தான் ஏறினாங்கன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரும். நல்லாத் தொய்வா விடணும்" என்றார். அது ஆபத்து என்று அங்கே நின்ற ஒவ்வொருத்தருக்கும் தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. சிஸ்டர்தான், "தொய்வாவே விடு நத்தரு" என்றார்.

ஏறினார். பழைய குழிகளில் கை வைத்து, கை எடுத்த குழியில் கால் வைத்து, படி ஏறுகிற மாதிரி பாதிச் சுவருக்குப் போனார். அதற்கு மேல் வெறும் கல். நான் கண்கொத்திப் பாம்பு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு கண் கயிற்றில், ஒரு கண் அவர் கையில். வலது கையைத் தூக்கினார், தடவிக்கொடுத்தார், விரலை வைத்தார், "அவ்வளவுதாம்மா" என்றார், விரல் உள்ளே போனது. இடது கை, தடவல், "மூச்சை விடு", உள்ளே போனது. உளி இல்லை, மருந்து இல்லை, தூசிகூட விழவில்லை. நான் ரவிக்கைக் கையையும் பார்த்தேன், ஒன்றுமில்லை. இப்படியே ஒன்று, இன்னொன்று, மற்றொன்று என்று போய்க்கொண்டே இருந்தார், கீழே நின்றவர்கள் முணுமுணுப்பதும் நின்றுபோயிற்று, உச்சிக்கு இன்னும் இரண்டு ஆள் உயரம்தான் பாக்கி.

அங்கே பாறை பாறையாகவே இருந்தது. தடவினார், பேசினார், விரலை வைத்தார், உள்ளே போகவில்லை. பாரத்தை அந்தக் கைக்கு மாற்றியிருந்தார். கை வழுக்கியது. அவர் விழுந்து நான் அதுவரை பார்த்ததே இல்லை.

தொய்வு விட்ட கயிறு அல்லவா, சர்ரென்று ஓடியது. விட்டுவிடு விட்டுவிடு என்று உடம்பு கத்தியது, நான் விடவில்லை. உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போயிற்று. நான் பாறையில் போய் மோதினேன், யா அல்லாஹ் என்று கத்தினேன், கயிறு நின்றது. சிஸ்டர் வெள்ளைச் சேலையும் தானுமாகச் சுவருக்குக் குறுக்கே ஒரு ஆட்டம் ஆடி, முழங்கால் தேய்ந்து, அந்தரத்தில் தொங்கினார். பிச்சைமணி வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு அழுதான்.

"சிஸ்டர், இறக்கிடறேன்" என்று கத்தினேன்.

மேலேயிருந்து குரல் வந்தது. "ஏன்? பிடிச்சிருக்கேல்ல?"

"பிடிச்சிருக்கேன்."

"அப்ப என்ன?" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாறை இளகியதை எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு அது பெரிதில்லை. பாறை இளகாத அந்த இரண்டு ஆள் உயரத்தை, குழி இல்லாத, பிடி இல்லாத, வெறும் வழுக்கனை, அந்த எழுபது வயது மனுஷி ஏறினாரே, அதைப் பார்த்தவன் நான். கையை விரித்துக் கல்லில் அப்பினார், துவரம்பருப்பு அளவுக்கு ஒரு முண்டு, அதில் கால் பெருவிரலை வைத்தார், இடுப்பைச் சுவரோடு சேர்த்தார், அசையாமல் நின்றார், எவ்வளவு நேரம் நின்றார் என்று சொல்ல முடியாது, ராக்காயி கடை பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைகிற வரைக்கும் நின்றார், பிறகு மெதுவாக, கோபமே இல்லாமல், அந்தப் பெருவிரல் ஒன்றின் மேல் எழுந்தார். அடுத்த முண்டு. அடுத்தது. பாறையிடம் பேசக்கூட இல்லை. கடைசியில் அவர் கை இச்சி மரத்து வேரைப் பிடித்தது.

ஊர் போட்ட சத்தத்தில் பாறைத் தேனீக்கள் கலைந்து ஓடின. சுதர்சன் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன். ரெங்கமன்னார் மட்டும் என் பக்கம் வந்து, "கடைசியில கயிறை இறுக்கலையே பாய்?" என்றார். நான் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

சிஸ்டர் பின்பக்க வழியாக நொண்டிக்கொண்டே இறங்கி வந்தார். ஒருத்தரையும் பார்க்கவில்லை, நேரே என்னிடம் வந்தார், "காட்டு" என்றார். ஆஸ்பத்திரிக் குரல் அது. தண்ணீர் ஊற்றிக் கழுவினார், தன் முந்தானையைக் கிழித்தார், கட்டுவதற்கு முன்னால் என் கையைத் தன் கையால் பிடித்து அழுத்தினார். அவர் விரல்கள் மெதுவாக உள்ளே போயின.

"வலிக்குதா?" என்றார்.

"இல்ல சிஸ்டர்" என்றேன். உண்மையிலேயே வலிக்கவில்லை.

பாராட்டு விழா அன்றைக்கே நடந்தது. சிமெண்ட் மூட்டை மேலிருந்து ஃப்ளெக்ஸை எடுத்துக் கட்டினார்கள், சிஸ்டர் கன்னத்தில் சிமெண்ட் கறை இருந்தது, யாரும் துடைக்கவில்லை. கட்டுப்போட்ட கையோடு பொன்னாடையை நான்தான் போர்த்தினேன். பேசச் சொன்னார்கள், சிஸ்டர் மைக்கைப் பிடித்து, "வடை ஆறிப்போகுது, சாப்பிடுங்க" என்றார். அவசரத்தில் முந்தின நாளே யாரோ குழைத்து வைத்திருந்த ஒரு டிரம் சிமெண்ட் அப்படியே இறுகிப்போய்ப் பாறையடியில் கிடக்கிறது. இப்போது ஏற வருகிறவர்கள் அதன் மேல் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள்.

கட்டைப் பிரித்தபோது என் உள்ளங்கையில் நாலு குழி, புறங்கையில் கட்டைவிரலுக்கு ஒரு பள்ளம். விஷயம் தெரிந்ததும் கடையில் கூட்டம். ஆணி வாங்க வருகிறவர்கள், பெயிண்ட் வாங்க வருகிறவர்கள், யாராக இருந்தாலும் முதலில் என் கையை வாங்கித் தங்கள் விரலை வைத்துப் பார்க்கிறார்கள். பொருந்துவதில்லை. ரெங்கமன்னாருக்கும் பொருந்தவில்லை, ராக்காயிக்கும் பொருந்தவில்லை, பெங்களூரிலிருந்து அதற்கென்றே வந்த சுதர்சனுக்கும் பொருந்தவில்லை. என் வீட்டுக்காரி வைத்துப் பார்த்துவிட்டு ரொம்ப நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "பாய், உள்ளதைச் சொல்லுங்க, இது உங்க கடை உளிதானே?" என்று கேட்கிறவர்களும் உண்டு. கேட்கட்டும். அவர்கள் இடத்தில் நான் இருந்தால் நானும் கேட்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கயிறு கட்டுவதற்கு முன்னால் சிஸ்டர் என் கையை வாங்கி விரல்களை வைத்துப் பார்க்கிறார். ஒவ்வொரு தடவையும் நான் குனிந்து, மயிரிழையாவது இடைவெளி தெரிகிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்க்கிறேன். தெரிந்ததே இல்லை.

"இன்னும் சந்தேகமா நத்தரு?" என்கிறார்.

"ஆமா சிஸ்டர்" என்கிறேன்.

"நல்லது. கயிறைப் பிடி" என்கிறார்.